வாரன் மில்லர்: ஒரு குரல் கம்பெனியான கதை

ஸ்கீ படம் என்று ஒரு தனி வகை இருக்கிறது. கதை கிடையாது, வில்லன் கிடையாது. ஒருத்தர் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவார். அடுத்து இன்னொருத்தர் இறங்குவார். படம் முழுக்க இதேதான். இதைப் பார்க்க அமெரிக்காவில் எழுபது வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்காருகிறார்கள். ஏன்னு தேடிப் போனால், கதை ஒரு கார் நிறுத்துமிடத்தில் போய் நிற்கிறது.

வாரன் மில்லர் 1924-ல் ஹாலிவுட்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு 1946-ல் வெளியே வந்தார். கையில் ஒரு 8 மி.மீ. கேமரா. அந்தக் குளிர்காலத்தை வார்ட் பேக்கர் என்ற நண்பரோடு ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் கழித்தார். அது பணக்காரர்கள் வந்து தங்கும் ஸ்கீ ஊர். இவர்கள் தங்கியது அதன் கார் நிறுத்துமிடத்தில், ஒரு குட்டி ட்ரெய்லருக்குள். முயல் வேட்டையாடிச் சமைத்தார்கள். தக்காளி கெட்சப்பை வெந்நீரில் கலக்கி சூப்பு என்று குடித்தார்கள். இதெல்லாம் அவரே பிறகு மேடை மேடையாகச் சொல்லிச் சிரிக்க வைத்த கதைகள்.

கேமரா வாங்கியது படம் எடுத்து விற்க இல்லை. ஒருவரை ஒருவர் படம் பிடித்து, சறுக்கும்போது எங்கே தப்பு பண்ணுகிறோம் என்று பார்க்கத்தான். அதை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போது மில்லர் பக்கத்தில் நின்று கிண்டலாகப் பேசுவார். படத்தைவிட அந்தப் பேச்சுக்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் வந்த கம்பெனிக்கு விதை இதுதான் என்று நினைக்கிறேன்.

1949-ல் கலிஃபோர்னியாவில் ஸ்குவா வேலி திறந்தபோது அங்கே ஸ்கீ சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் சக் பெர்சி. கேமரா தயாரிக்கும் பெல் அண்ட் ஹோவெல் கம்பெனியின் தலைவர், பிற்காலத்தில் இல்லினாய் மாநில செனட்டர். அவர் வழியாக ஒரு 16 மி.மீ. கேமரா கிடைத்தது. நான்கு நண்பர்களிடம் ஆளுக்கு 100 டாலர் கடன். மொத்த முதல் 400 டாலர். அதில் பிறந்தது ‘டீப் அண்ட் லைட்’. 1950-ல் தெற்குக் கலிஃபோர்னியாவின் பசடேனாவில் திரையிட்டார்.

16 மி.மீ.யில் 100 அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிடம்கூட ஓடாது. ஃபிலிமுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. ஒலிப்பதிவுக்கு எங்கே போவது? அதனால் படம் ஊமையாக ஓட, மில்லரே மேடையில் நின்று பேசினார். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜான் ஜே போன்றவர்கள் அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய் ஸ்கீ படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மில்லர் அதைத் தன் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டார். குளிர்காலத்தில் படப்பிடிப்பு, பிறகு வெட்டி ஒட்டும் வேலை, இலையுதிர் காலம் வந்தால் ஊர்ப் பயணம். வருஷத்துக்கு ஒரு படம், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். கேமராமேன், எடிட்டர், பேச்சாளர் எல்லாம் ஒரே ஆள்.

அந்த இலையுதிர் காலம் என்பது முக்கியம். பனி இன்னும் விழவில்லை, ஆனால் விழப்போகிறது. ஸ்கீக்காரர்கள் கை கால் பரபரக்க உட்கார்ந்திருக்கும் நேரம். இவர் படம் வந்தால் சீசன் ஆரம்பம் என்று அர்த்தம். காலமும் கைகொடுத்தது. 1936-ல் சன் வேலியில் முதல் சேர்லிஃப்ட் வந்திருந்தது. போருக்குப் பிறகு ஆஸ்பென், ஸ்குவா வேலி, 1962-ல் வெயில் என்று ஸ்கீ ஊர்கள் வரிசையாக முளைத்தன. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். மில்லர் அவர்களையும் படத்தில் வைத்தார். சேர்லிஃப்டிலிருந்து இறங்கத் தெரியாமல் பொத்துப் பொத்தென்று விழுகிறவர்களை எடுத்துப் போடுவார். செலவில்லாத காட்சி. அரங்கில் இருந்தவர்கள் தங்களையே பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, இந்த வருஷம் கிளம்பாவிட்டால் அடுத்த வருஷம் கிளம்பும்போது வயசு ஒன்று கூடியிருக்கும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவைப்பார்.

கம்பெனி வளர்ந்தது. வேறு கேமராமேன்கள் வந்தார்கள், குரலும் பதிவானது. ஒரு ஆள் போகாமலே பல ஊர்களில் படம் ஓடியது. 1980களின் இறுதியில் மகன் கர்ட் மில்லரும் அவருடைய பங்குதாரரும் கம்பெனியை வாங்கினார்கள். பிறகு அது டைம் நிறுவனத்தின் கைக்குப் போனது, 2007-ல் அங்கிருந்து போனியர் குழுமத்துக்கு. கம்பெனியின் பெயர் மட்டும் ‘வாரன் மில்லர்’ என்றே இருந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு படத்தில் வாரன் மில்லர் இல்லை.

2009-ல் டென்வரைச் சேர்ந்த லெவல் 1 என்ற சின்ன ஸ்கீ படக் கம்பெனி ‘ரிஃப்ரெஷ்’ என்று ஒரு படம் எடுத்தது. கொஞ்சம் பேர் சேர்ந்து ஓட்டும் கம்பெனி, மில்லர் தொடங்கிய காலத்தை நினைவுபடுத்துவது. எண்பதைத் தாண்டிய மில்லர் அதில் தோன்றிப் பேசினார். உடனே வாரன் மில்லர் கம்பெனி வழக்குப் போட்டது. அந்தப் பெயரும் முகமும் குரலும் எங்கள் சொத்து என்பது அவர்கள் வாதம்.

கம்பெனிப் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பெயர். அதே குரல் போட்டிக் கம்பெனியின் படத்தில் கேட்டால் பார்க்கிறவர்கள் குழம்பத்தான் செய்வார்கள். ஆனால் எதை விற்றார்கள், எதை வாங்கினார்கள் என்று யோசித்தால் எனக்கு உறுத்துகிறது. கேமராவை விற்கலாம், பழைய சுருள்களை விற்கலாம். ஒரு மனுஷன் பனியைப் பார்த்து ஜோக் அடிப்பதை எப்படி விற்பது? ஒலிப்பதிவுக்குக் காசில்லாததால் பேச ஆரம்பித்தவர் அவர். அந்தப் பேச்சுதான் கடைசியில் கம்பெனியிலேயே மதிப்புள்ள சரக்காகிவிட்டது.

மில்லர் 2018 ஜனவரி 24 அன்று, 93 வயதில், வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்க்கஸ் தீவில் இறந்தார். அவர் பெயரில் படங்கள் அதற்குப் பிறகும் இலையுதிர் காலங்களில் வந்தன.