கச்சியின் சுடுமண்ணும் புலவர் பசுங்கலமும்

பெரும்பாணாற்றுப்படையுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனது கச்சி மூதூரை நெடியோன் உந்தித் தாமரையின் பொகுட்டோடு உவமித்து, அதன் உயர்ந்த மனை வரைப்பினைச் சுடுமண்ணால் ஆயது என்கின்றார். உவமையை விரித்துரைப்பார் பலர். சுடுமண் என்னும் சொல்லிடத்து நின்று நோக்குவார் சிலர். செங்கல் எனப் பொருளெழுதி அப்பாற் செல்வதே நம்மனோர் வழக்கம். அச்சொல்லின் ஆழம், அதன் மறுதலையாகிய பசுமண், பசுங்கலம் என்பவற்றோடு வைத்து நோக்கினாலன்றிப் புலனாகாது.

குறுந்தொகை 29-ஆம் பாட்டில் ஔவையாரும், நற்றிணை 308-ஆம் பாட்டில் எயினந்தை மகன் இளங்கீரனாரும், பெய்யும் மழையை ஏற்ற பசுங்கலத்தை உவமை கூறினர். வஞ்சத்தால் ஈட்டிய பொருளைப் போற்றுதல் பசுமட்கலத்துள் நீர் பெய்து வைத்தல் போலும் என்றார் வள்ளுவர் (660). ஈண்டுப் ‘பசு’ என்பதற்கு ஈரம் என்றே பொருள் கொள்வாரும் உளர். அது பொருந்துமாறில்லை. நற்றிணைப் புலவர் மண்ணின் ஈரத்தைத் தனிச்சொல்லாற் கூறிய பின்னரே பசுங்கலம் என்றார்; பசுமையே ஈரமாயின் அச்சொல் மிகையாம். குறளை நோக்குக. ஈரம் புலராத கலத்துள் நீர் பெய்வார் யாவர்? உலர்ந்து, உறுதியுடையது போலத் தோன்றி, நீர் பட்டவழிக் கரைந்தொழியும் கலமே வஞ்சப் பொருளுக்கு ஒப்பாம். ஆதலின் பசுமையாவது சூளையிடப்படாமை எனக் கோடலே நேரிது.

இவ்வேறுபாட்டினை இற்றை மண்ணியலும் வலியுறுத்துகின்றது. களிமண் உலருங்கால் துகள்களை அகற்றி நிறுத்திய நீர் முதலில் நீங்க, துகள்கள் நெருங்கிக் கட்டி சுருங்கும். துகள்கள் ஒன்றையொன்று தொட்டபின் சுருக்கம் பெரிதும் நின்றுவிடும். கடுவெயிலில் உலர்த்தின் புறம் முந்திச் சுருங்க, அகம் பிந்தி நிற்க, கல் வெடிக்கும். சூளைத் தொழிலாளர் பச்சைக்கல்லை நிழலில் உலர்த்துதற்கும், மணலோ உமியோ கலப்பதற்கும் காரணம் இதுவே.

ஏறத்தாழ 110 பாகை செல்சியசு வரை உலர்த்திய களி, பெரும்பாலும், நீர் பட்டால் மீண்டும் குழைந்து சேறாகும். அதற்குமேல் 200, 300 பாகை எனச் சூடேற்றினால், ஒட்டுந்தன்மை மிக்க களிகள் தம் குழைவிற் குறைகின்றன. ஓட்டுத் தொழிலுக்கு எடுக்கும் மண்ணை எவ்வெப்பத்தில் உலர்த்தினோம் என்பதைக் குறித்துக்கொள்ளாது அதன் குழைவையும் சுருக்கத்தையும் அளந்துரைத்தல் பிழைபடும். 450 முதல் 600 பாகையளவில், கயோலின் வகைக் களியின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர்க்கூறு வெளியேறும்; அதன்பின் எத்துணை மழை பெய்யினும் அது மண்ணாகக் குழையாது. பசுங்கலத்தையும் சுடுமண்ணையும் பிரிக்கும் எல்லை அதுவே. வெப்பமானி அறியாத புலவர், குயவர் சூளையைக் கண்டே அவ்வெல்லையைச் சொல்லில் நிறுத்தினர்.

இனிக் கச்சிக்கு வருவோம். மகேந்திரவர்மன் தன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியன இன்றிக் கோயில் சமைத்ததாகப் பெருமிதம் கொள்கின்றான். இன்றி என்று சொல்லுதற்கே உரிய புதுமையாயின், அவற்றால் சமைத்தலே அதற்கு முன் வழக்கென்பது தேற்றம். 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005-இல் சாளுவன்குப்பத்தில் அகழப்பெற்ற முருகன் கோயில் இதற்குச் சான்றாகும். பல்லவர் காலக் கற்பணியின் அடியில் அங்குப் பழைய செங்கற்கோயில் கிடந்தது. கச்சியிலோ, இராசசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயில் கல்லால் ஓங்கி நம் கண்ணைக் கவர்ந்துகொண்டமையின், உருத்திரங்கண்ணனார் கண்ட நகரை நாம் மறந்தோம்.

கல் வந்தபின்னும் சூளை அவியவில்லை. கிருட்டிணதேவராயர் 1509-இல் எடுப்பித்ததாகக் கூறப்பெறும் ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்தை அண்ணாந்து நோக்குவார், அடித்தளமே கல்லாதலையும், அதன்மேல் அடுக்கிய நிலைகளெல்லாம் சுண்ணச்சாந்து பூசிய செங்கல்லாதலையும் காண்பர்.