அவன் மறந்ததைச் சுமந்த பெண்கள்

1999 டிசம்பரில் அமெரிக்காவில் 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. உருவாக்கியது பிளாக் ஐல் ஸ்டூடியோஸ், வெளியிட்டது இன்டர்ப்ளே. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனைதான் பெரிதாக இல்லை. ஆனாலும் அது மறைந்துபோகவில்லை. அதன் வழிவந்த புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்க 2013இல் ரசிகர்கள் 40 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டித் தந்தார்கள். 2017இல் பழைய ஆட்டமே செப்பனிடப்பட்டுக் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. 2019இல் பெரும்புகழ் பெற்ற 'டிஸ்கோ எலிசியம்' ஆட்டத்திலும் இதன் செல்வாக்கு உண்டு.

இந்த நீண்ட ஆயுளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இதன் எழுத்து. ஏறத்தாழ 8 லட்சம் சொற்கள் கொண்ட பிரதி இது. சண்டைகள் உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். இறுதி எதிரியைக்கூடப் பேசியே வெல்ல முடியும். உடல் வலிமையைவிட ஞானத்தை வளர்த்துக்கொள்பவருக்கே கதை அதிகமாகத் திறக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் எழுத்தின் அளவைப் பேசுகிறவர்கள், அந்த எழுத்து எதைப் பற்றியது என்பதை அதிகம் பேசுவதில்லை. ஓர் ஆணின் நீண்ட வாழ்வுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இதன் கதை.

1974இல் தொடங்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் மரபில் வந்த ஆட்டம் இது. அம்மரபில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தைத் தானே உருவாக்கிக்கொள்வார். ஆணா பெண்ணா, போர்வீரரா மந்திரவாதியா என்பது அவர் விருப்பம். இங்கே அந்தச் சுதந்திரத்தின் முதல் பாதி கிடையாது. ஆடுபவர் யாராக இருந்தாலும், உடலெங்கும் தழும்புகள் கொண்ட, பெயரற்ற ஓர் ஆணாகத்தான் பிணக்கிடங்கின் மேடையில் கண் விழிக்க வேண்டும். அவனுக்குச் சாவு இல்லை. செத்தாலும் எழுந்துவிடுவான், ஆனால் முந்தைய வாழ்வின் நினைவுகளை இழந்திருப்பான். அவன் ஒவ்வொரு முறை சாகும்போதும் எங்கோ வேறொருவர் அவனுக்குப் பதிலாகச் சாகிறார் என்பது வெகுநேரம் கழித்தே தெரியவரும்.

மகாபாரதத்தில் யயாதி தன் முதுமையை மகன் பூருவிடம் கொடுத்து இளமையை வாங்கிக்கொண்டான். அங்கே கொடுப்பவனிடம் கேட்கவாவது செய்தார்கள். இங்கே யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

பிணக்கிடங்கை விட்டு வெளியேறும் முன்பே அவன் ஒரு பெண்ணின் ஆவியைச் சந்திக்கிறான். பெயர் டெயோனாரா. அவனைக் காதலித்தவள். அவனுக்கோ அவளைத் தெரியவில்லை. முந்தைய வாழ்வொன்றில் அவன் அவளைத் திட்டமிட்டே காதலிக்க வைத்தான், எட்டாத ஒரு கோட்டைக்கு அழைத்துப்போனான், அங்கே சாகவிட்டான். செத்த பின்னும் அவள் காதல் அவளை அங்கேயே கட்டிவைக்கும், தனக்குப் பயன்படும் என்பது அவன் கணக்கு.

சிகில் நகரில், மனிதர்களின் அனுபவங்களைச் சேமித்து வைக்கும் கற்கள் உள்ள இடம் ஒன்று உண்டு. அங்கே டெயோனாராவின் கல்லைத் தொட்டால் அவளுடைய ஏக்கம் அவனுக்குள் இறங்குகிறது. அதே கணத்தில், அன்று அவளிடம் கனிவாகப் பேசிக்கொண்டிருந்த தன் மனத்தின் குளிர்ந்த கணக்கும் அவனுக்கு நினைவு வருகிறது. ஏமாற்றியவன் ஏமாற்றப்பட்டவளின் உடலுக்குள் இருந்து தன் குரலைக் கேட்கிறான். இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் மறக்காத இடங்களில் இதுவும் ஒன்று.

நினைவிழந்த நாயகன் கதைகளுக்குப் புதியவன் அல்ல. பெரும்பாலும் நினைவிழப்பு அவனைக் குழந்தையைப்போல நிரபராதி ஆக்கிவிடும். இந்த ஆட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை. மறப்பது செய்தவனுக்கு எளிது. நினைவோ பாதிக்கப்பட்டவளிடமே தங்கிவிடுகிறது. நமக்குத் தெரிந்த இந்த வாழ்க்கை உண்மையின் மேல்தான் இக்கதை நிற்கிறது.

இதனால் இதைப் பெண்ணியப் பிரதி என்று சொல்லிவிட முடியாது. கதையின் முக்கியமான பெண்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் அவன்மேல் ஈர்ப்பு இருக்கிறது. உடன் பயணிக்கும் அன்னா என்ற திருடியின் உடை, ஆண் பார்வைக்காகவே தைக்கப்பட்டது. டெயோனாராவுக்குத் தன் சாவுகூடச் சொந்தமில்லை. அவனுக்குப் பாடம் புகட்டவே அவள் சாக வேண்டியிருக்கிறது.

அதற்குள்ளேயே விலகி நிற்பவர்களும் உண்டு. தாயால் அடிமையாக விற்கப்பட்டு, அறிவுப் போட்டியில் வென்று விடுதலை பெற்றவள் கிரேஸ். ஆண்களை மயக்கி அழிக்கும் பேயினத்தில் பிறந்தும் அந்த வேலையை மறுத்தவள். அவள் நடத்தும் விடுதிக்கு வருபவர்களுக்குக் கிடைப்பது உரையாடல் மட்டுமே. நகரத்தை ஆள்பவளும் ஒரு பெண். அவள் பேசுவதில்லை. தன்னை வழிபடுபவர்களைத் தண்டிக்கிறாள். தெய்வமாக்கி அடக்கிவைக்கும் தந்திரம் அவளிடம் பலிப்பதில்லை.

ஆட்டம் நெடுக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவனின் இயல்பை எது மாற்ற முடியும் என்பது அது. ஆங்கிலத்தில் ஆணுக்கும் மனிதருக்கும் அங்கே ஒரே சொல். தமிழில் நாம் 'மனிதன்' என்று எழுதினால் அதே மயக்கம் தொடரும், 'மனிதர்' என்று எழுதினால் கேள்வி பொதுவாகிவிடும். இந்தக் கதைக்கு 'ஆண்' என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுடைய மரணத்தைப் பிரித்தெடுத்த சூனியக்காரி ரேவல்தான் இந்தக் கேள்வியைக் கேட்பவள். தவறாகப் பதில் சொன்னவர்களைக் கொன்றவள், அவன் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறாள். காதலிக்கும் பெண் ஆணின் பதிலைச் சோதிப்பதில்லை என்ற கசப்பான உண்மையும் இதில் இருக்கிறது.

பதிலைக் கதை வேறோரிடத்தில் வைத்திருக்கிறது. செய்த குற்றங்களை ஈடுசெய்ய ஓர் ஆயுள் போதாது என்றுதான் அவன் முதலில் சாவைத் துறந்தான். அந்தப் பரிகாரமே மேலும் உயிர்களைத் தின்றது. கடைசியில் தன் மரணத்தைத் திரும்பப் பெற்று, நரகத்தின் முடிவில்லாத போருக்குள் நடந்து போகிறான். டெயோனாராவிடம் மன்னிப்புப் பெற்றிருந்தாலும் அவன் போகவேண்டிய இடம் மாறுவதில்லை. மன்னிப்பது அவள் உரிமை, அது அவன் கணக்கைத் தீர்க்காது. பெண்ணின் மன்னிப்போடு ஆணின் கதையை முடித்து வைக்கும் வழக்கத்துக்கு நடுவே, இந்த ஆட்டம் அப்படி முடிக்க மறுத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைத் திறந்து ஆடிப் பார்க்க எனக்கு அந்தக் காரணம் போதும்.