சார்பும் புதுமையும்

நூல்களை முதல், வழி, சார்பு என வகைப்படுத்தியது தமிழ் மரபு. மென்பொருளிலும் சார்பு உண்டு. ஒரு நிரல் தன் பணிக்குப் பிறர் எழுதிய நிரல்களை நாடும். அவை வேறு சிலவற்றை நாடும். மாசாயை அடுத்த பாசிர் கூடாங் துறைமுகத்திற்கு வரும் பொறி உறுப்பு வழியில் உருமாறுவதில்லை. மென்பொருள் உறுப்போ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக மாறுவது. எந்தப் பதிப்பைக் கொள்வது என்பதே இவ்வரலாற்றின் கேள்வி.

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். கோப்புகள் மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, பழையதாகிப்போனவற்றை மட்டும் அது மீண்டும் கட்டும். பதிப்பெண் பற்றி அதற்கு ஏதும் தெரியாது. சார்புகளையும் அவற்றின் சார்புகளையும் தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து தானே தருவிக்கும் வழக்கம், ஜாவா மொழியாளரிடையே 2000-களின் நடுவில் 'மேவன்' கருவியால் பரவியது. சிக்கலும் உடன் வந்தது.

ஓர் உறுப்பின் இரு பதிப்புகளை இருவர் கேட்டால் எதனை ஏற்பது? மேவன், மூல நிரலுக்கு மிக அருகில் நின்று கேட்டவரின் பதிப்பை ஏற்றது, அது பழையதாயினும். பின்வந்த 'கிரேடில்' உயர்ந்த எண்ணை ஏற்றது. உயர்ந்தது எது என்பதும் எளிதன்று: எழுத்து வரிசையில் 1.10 முன்னும் 1.9 பின்னும் நிற்கும். ஆதலின் புள்ளிகளுக்கு இடைப்பட்டவற்றை எண்களாகப் பிரித்தே கருவிகள் ஒப்பிடுகின்றன.

'கடைசியாக வந்ததைக் கொடு' என எழுதிவிடவும் மேவனில் வழியிருந்தது. களஞ்சியத்தின் குறிப்புக் கோப்பைப் படித்துக் கருவியே எண்ணைக் கண்டுகொள்ளும். சோம்பலுக்கு இனிய ஏற்பாடுதான். ஆயினும் நேற்றுக் கட்டியதும் இன்று கட்டியதும் ஒன்றாக இரா. 2010-இல் வெளிவந்த மேவன் 3, தன் துணைக்கருவிகளுக்கு அவ்வாறு எழுதுவதை விலக்கியது. அதே ஆண்டில் வந்த ரூபி மொழியின் 'பண்ட்லர்' 1.0, தேர்ந்த எண்களை ஒரு கோப்பில் பூட்டிவைத்தது.

பூட்டுவதும் முழுக் காப்பாகவில்லை. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் ஜாவா உறுப்பில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அம்மாதத்திற்குள்ளேயே 2.15.0 தொடங்கி 2.17.1 வரை திருத்தங்கள் வந்தன. பழைய எண்ணில் நின்றவர் ஆபத்தில் இருந்தனர். சார்பின் சார்பாக அது தம்மிடம் இருந்ததையே பலர் அறியார். அடுத்த மாதமே நிலை தலைகீழாயிற்று. 'கலர்ஸ்' என்னும் ஜாவாஸ்கிரிப்ட் உறுப்பை ஆக்கியவரே, முடிவிலாச் சுழல் ஒன்றை அதனுள் புகுத்திப் புதிய எண்ணில் வெளியிட்டார். புதியதைத் தானாக ஏற்ற நிரல்கள் பொருளற்ற எழுத்துகளைக் கொட்டின, பூட்டியிருந்தவை தப்பின.

இப்போது பல குழுக்கள் எண்களைப் பூட்டியே வைக்கின்றன. புதிய பதிப்பு வந்தால் தானியங்கி ஒன்று மாற்றத்தை முன்மொழியும், சோதனைகள் ஓடும், ஒப்புதலை மனிதர் தருவர்.