நெஞ்சில் அடைத்ததைப் பரவவிட்ட வைத்தியம்

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றியுள்ள கிளினிக்குகளில் மாலை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நெஞ்சை அடைக்குதுங்க டாக்டர், கை காலெல்லாம் வெடவெடன்னு வருதுங்க.” ஈசிஜி எடுத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் இருக்காது. “ஒண்ணும் இல்லீங்க, மனசுதான், கவலைப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த அடைப்பு நிஜம், அந்த நடுக்கமும் நிஜம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அங்கிருந்தே தொடங்கும் உளச்சிகிச்சை ஒன்று உண்டு. ராஜா செல்வம் என்ற உளவியலாளர் உருவாக்கிய ‘இன்டெக்ரல் சொமாட்டிக் சைக்காலஜி’ அது. அது வளர்ந்த பாதையில் தமிழகக் கடற்கரைக்கும் இடம் உண்டு.

வேர் தேடினால் வியன்னாவுக்குப் போக வேண்டும். ஃபிராய்டிடம் பயின்ற வில்ஹெல்ம் ரைக், அடக்கிய உணர்ச்சி தசைகளின் இறுக்கமாக உடம்பில் தங்கிவிடுகிறது என்று 1930களில் சொன்னார். பேச்சை மட்டுமே நம்பியிருந்த உளப்பகுப்பாய்வுக்கு அது பெரிய திருப்பம்.

அடுத்த திருப்பம் 1969இல் அமெரிக்காவில் நடந்தது. பீட்டர் லெவின் என்ற இளைஞரிடம் கடும் பதற்றமும் ஒற்றைத் தலைவலியும் கொண்ட ஒரு பெண் வந்தார். தசைகளைத் தளர்த்தச் சொல்லிக்கொடுத்தார் லெவின். தளர்ந்த சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பீதி இன்னும் கூடியது; சாகப்போகிறேன் என்று அலறினார். அந்தக் கணத்தில் லெவினின் மனக்கண்ணில் ஒரு புலி தோன்றியது. “புலி துரத்துது, ஓடு!” என்று கத்தினார். படுத்திருந்தவரின் கால்கள் ஓடுவதுபோல் அசையத் தொடங்கின. உடம்பு நடுங்கியது, வேர்த்தது, குளிர்ந்தது, மறுபடி சூடானது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இப்படியே போனது. சின்ன வயதில் டான்சில் ஆபரேஷனுக்காகத் தன்னை அமுக்கிப் பிடித்து ஈதர் கொடுத்தது அப்போது அந்தப் பெண்ணுக்கு நினைவுக்கு வந்தது. அன்று ஓட முடியாமல் போன ஓட்டம் உடம்பில் பாக்கி நின்றிருக்கிறது என்று லெவின் புரிந்துகொண்டார். அவருடைய ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ முறை அங்கிருந்து வளர்ந்தது.

அந்த முறையைக் கற்பித்த மூத்த ஆசிரியர்களில் ஒருவர்தான் செல்வம். யுங்கின் உளவியல், டென்மார்க்கில் உருவான ‘போடைனமிக்’ முறை, அத்வைதம் என்று பல இடங்களில் கற்றவர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகத்தில் ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்தினார். கடல் இரைச்சல் கேட்டாலே உடம்பு பதறுகிறவர்களிடம் “மனசைத் தேத்திக்குங்க” என்ற சொல் எவ்வளவு தூரம் போகும்? 150 பேருக்கு ஆளுக்கு 75 நிமிடம் சிகிச்சை தந்தார்கள். எட்டு மாதம் கழித்தும் விசாரித்தார்கள். 90 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகவோ முழுக்க விடுபட்டதாகவோ சொன்னார்கள். 2008இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. காலம் ஆற்றியது எவ்வளவு, சிகிச்சை ஆற்றியது எவ்வளவு என்று அந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. இதை மறைத்து அந்த 90ஐ மட்டும் சொல்வது நோயாளிக்குச் செய்யும் நியாயமல்ல.

செல்வம் பிறகு எடுத்துவைத்த அடிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேதனை தாங்க முடியாதபோது உடம்பு தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. தொண்டை இறுகும், மூச்சு மேலேயே நிற்கும், துக்கம் முழுவதும் நெஞ்சின் ஓரிடத்தில் முட்டும். சிகிச்சையாளர் அந்த இடத்தில் கையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தோளுக்கு வருகிறதா, கைக்கு இறங்குகிறதா, வயிற்றில் தெரிகிறதா என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போகிறார். ஒருவர் தலையில் இருந்த மூட்டையை நாலு பேர் பிடித்ததுபோல், பரவிய துக்கம் தாங்கக்கூடியதாகிறது. தாங்க முடிந்தால்தான் நடந்ததைத் தெளிவாக யோசிக்கவும் முடியும் என்பது அவர் வாதம். சூழல், உணர்ச்சி, விரிவாக்கம், ஒருங்கிணைப்பு என்று நாலு படிகளாக வகுத்து, 2022இல் ‘தி பிராக்டிஸ் ஆஃப் எம்பாடியிங் எமோஷன்ஸ்’ என்ற நூலில் விளக்கினார்.

லெவினின் முறைக்கு 2017இல் இஸ்ரேலிலிருந்து குலுக்கல் முறையில் குழு பிரித்த ஆய்வு வந்தது. 63 பேர், வாரம் ஒன்றாக 15 அமர்வுகள். சிகிச்சை பெற்றவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன. செல்வத்தின் நாலு படிகளையும் அப்படிச் சோதிக்க வேண்டும், அதுவும் தமிழ் பேசும் நோயாளிகளிடம். நெஞ்சடைப்பு என்று வருகிறவர்களை முதலில் பார்க்கும் சேலத்து டாக்டர்களும், நம் கல்லூரிகளின் உளவியல் துறைகளும் சேர்ந்தால் அந்த ஆய்வை இங்கேயே தொடங்கலாம்.