கடைசி அட்டையின் விலை

1965இல் ஜப்பானிய மிட்டாய்க் கடை வாசல்களில், அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான ஒரு எந்திரம் வந்து நின்றது. 10 யென் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால், பிளாஸ்டிக் உருண்டைக்குள் அடைத்த சிறு பொம்மை விழும். எந்தப் பொம்மை என்பது விழுந்த பிறகே தெரியும். கைப்பிடி திரும்பும் ஓசையும் உருண்டை விழும் ஓசையும் சேர்ந்து ‘காச்சாபோன்’ என்று அதற்குப் பெயரானது. 1977இல் பண்டாய் நிறுவனம் 100 யென் எந்திரங்களுடன் இதில் இறங்கியது. 1980களில் ‘கின்னிகுமான்’ சித்திரக்கதையின் ரப்பர் பொம்மைகளைச் சிறுவர்கள் போட்டி போட்டுச் சேர்த்தார்கள்.

இந்த வியாபாரத்துக்கு இயல்பாகவே சில எல்லைகள் இருந்தன. எந்திரத்தில் இருந்தவை எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒன்றை எடுத்தால் ஒன்று குறையும். இரண்டாகக் கிடைத்ததை நண்பனிடம் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். கையில் சில்லறை தீர்ந்தால் சிறுவன் வீட்டுக்குப் போய்விடுவான். கணினிக்குள் குடியேறியபோது காச்சா இந்த எல்லைகளை உதறியது. 2004இல் ‘மேப்பிள் ஸ்டோரி’ என்ற கொரிய விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பு, 100 யென் சீட்டுக்கு ஒரு காச்சா என்று விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கிரீ, டிஎன்ஏ நிறுவனங்களின் கைப்பேசி விளையாட்டுகள் அதையே முதன்மை வருமானமாக்கின. விளையாட்டு இலவசம், செலவு மாதக் கைப்பேசிக் கட்டணத்தோடு சேர்ந்து வந்தது. கையில் காசு தீரும் தருணமே இல்லாமல் போனது.

இதில் மிகக் கொடிய வடிவம் ‘கொம்பு காச்சா’. குறிப்பிட்ட அட்டைகள் அத்தனையும் சேர்ந்தால்தான் அரிய பரிசு கிடைக்கும். சமவாய்ப்புள்ள 10 அட்டைகள் என்றே வைத்தாலும், முழுத் தொகுப்புக்குச் சராசரியாக 29 முறை இழுக்க வேண்டும். அதில் 10 முறை கடைசி அட்டை ஒன்றுக்கே போகும். வாய்ப்புகள் சமமாக இல்லாமல் கடைசி அட்டை நூற்றில் ஒன்றாக இருந்தால், அதற்கு மட்டும் சராசரியாக 100 முறை. முறைக்கு 300 யென் என்றால் 30,000 யென். 100 முறை இழுத்தும் அந்த அட்டை கிடைக்காதவர்கள் மூவரில் ஒருவருக்கு மேல் இருப்பார்கள். ஒன்பது அட்டை வந்தவருக்கு ‘இன்னும் ஒன்றுதானே’ என்று தோன்றும். செலவின் பெரும்பகுதியோ அந்த ஒன்றில்தான் இருந்தது. இதை அறிந்தே இம்முறை வகுக்கப்பட்டது என்பதுதான் அதன் குற்றம்.

2012 மே தொடக்கத்தில், கொம்பு காச்சாவை அரசு சட்டவிரோதமாகக் கருதக்கூடும் என்று நாளேட்டுச் செய்தி வந்தது. மே 7 அன்று கிரீ, டிஎன்ஏ பங்குகள் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேலோ அதை ஒட்டியோ சரிந்தன. மே 18 அன்று நுகர்வோர் விவகார முகமை தன் விளக்கத்தை வெளியிட்டது. ஜூலை 1 முதல் நடவடிக்கை என்றது. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நியாயமற்ற பரிசுகளைத் தடுக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அட்டைகளைச் சேர்த்துப் பொருத்தினால் பரிசு தரும் விற்பனைமுறை முன்பே தடை செய்யப்பட்டிருந்தது. மிட்டாய்ப் பொட்டலத்தில் அட்டை வைத்து விற்ற காலத்துச் சிறுவர்களைக் காக்கப் பிறந்த அந்த விதி, கைப்பேசி காலத்துக்கும் பொருந்தியது.

ஆனால் தடை தொகுப்பு முறைக்கு மட்டுமே. ஒற்றைக் காச்சா தப்பித்து முன்னிலும் பெருத்தது. 2016 புத்தாண்டில் ‘கிரான்புளூ ஃபேன்டசி’ விளையாட்டின் ஒரு பாத்திரத்துக்காக ஒருவர் ஏறத்தாழ 7 லட்சம் யென் செலவிட்டதை நேரலையில் பலர் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 300 முறை இழுத்தவர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற உச்சவரம்பு வந்தது. அதுவும் 90,000 யென். இதைச் சலுகை என்று சொல்வது கடினம்.

வெளிநாடுகளில் வெளிப்படைத்தன்மைக்கான கோரிக்கை வலுத்தது. 2017 மே முதல் சீனா வாய்ப்பு விகிதங்களை வெளியிடச் சொன்னது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கட்டித் திறக்கும் பரிசுப்பெட்டிகள் சிலவற்றைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது. தென்கொரியாவில் மேப்பிள் ஸ்டோரியே விசாரணைக்கு வந்தது. ஆயுதத்தின் திறனை மாற்றக் காசுக்கு விற்ற ‘கியூப்’ பொருளில், பலரும் விரும்பும் திறன்களின் வாய்ப்பு 2010 செப்டம்பரிலிருந்து சொல்லாமலே குறைக்கப்பட்டதையும், 2011இலிருந்து சில சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யமாக்கப்பட்டதையும் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் கண்டறிந்தது. 2024 ஜனவரியில் அந்த விளையாட்டை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 22 முதல், வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது கொரியாவில் சட்டக் கடமையானது.