சோபு: ஆறாத மணல்

(இணையவழி உரையின் எழுத்து வடிவம்)

பழுப்பு நிலக்கரி என்றால் தமிழர்களுக்கு நெய்வேலிதான். டென்மார்க்கிலும் அப்படி ஓரிடம் இருந்தது என்று சொன்னால், இங்கே முப்பது வருடமாக இருப்பவர்களே "எங்கே?" என்று கேட்கிறார்கள். நடு யூட்லாந்தில், ஹேர்னிங் நகரத்துக்குத் தெற்கே. ஹேர்னிங்கிலிருந்து பிரண்டா அபிராமி அம்மன் கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் அதற்கு அருகால்தான் போய்வருகிறார்கள். இடத்தின் பெயர் சோபு. இன்று அது ஊசியிலைக் காடும் ஏரிகளுமான இயற்கைப் பகுதி. ஞாயிறு ஆராதனை முடிந்து சப்பாத்தை மாற்றிக்கொண்டு நான் நடக்கப் போகும் இடங்களில் ஒன்று.

முதலில் வரலாறு. டென்மார்க்குக்குத் தேவையான நிலக்கரி பெரும்பாலும் பிரிட்டனிலிருந்துதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி இந்த நாட்டை ஆக்கிரமித்தது. பிரிட்டிஷ் கரி அன்றோடு நின்றது. ஜெர்மனியிலிருந்து வந்தது போதவில்லை. குளிர்காலத்தில் இங்கே எரிபொருள் இல்லை என்றால் என்ன பொருள் என்று புலம்பெயர்ந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்போதுதான் யூட்லாந்தின் மணலுக்கு அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியை நாடு திரும்பிப் பார்த்தது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடு அது. பக்கத்து ஃபாஸ்டர்ஹோல்ட்டில் கிடைத்த புதைபடிவ விதைகளையும் கனிகளையும் ஆராய்ந்து எல்ஸ மரியா ஃபிரீஸ் 1985இல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார்.

நல்ல கரி இல்லை இது. பாதி தண்ணீர், சூடு குறைவு. ஆனால் வேறு வழி இல்லாத காலம். வேலையில்லாதவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்தார்கள். மரக் கொட்டில்களிலும் கிடைத்த கூரைக்கு அடியிலும் தங்கினார்கள். முதலில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும், பிறகு பெரிய இயந்திரங்கள். மெல்லிய கரிப் படுகைக்கு மேலே அதைப்போலப் பல மடங்கு மணல். அதை வெட்டி, பக்கத்தில் மலைமலையாகக் கொட்டினார்கள். மணல் சரிந்து தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு எதிரி நிலத்தடி நீர். நெய்வேலியில் போலவே இங்கும் நாள் முழுவதும் இறைத்தால்தான் குழி குழியாக இருக்கும். நான் பராமரித்த முதியவர் ஒருவர் இளமையில் அங்கே வேலை செய்தவர். கரியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பம்பின் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார். இரவில் அது நின்றால் உடனே விழித்துக்கொள்வாராம்.

போர் முடிந்த பிறகும் மின்நிலையங்களுக்காகத் தோண்டினார்கள். பிறகு எண்ணெய் மலிவானது. 1970இல் எல்லாம் நின்றது. மூன்றே வருடத்தில், 1973இல், எண்ணெய் நெருக்கடி வந்தது. அப்போதும் நாடு சோபுக்குத் திரும்பவில்லை. மின்நிலையங்களுக்கு வெளிநாட்டுக் கரியை வாங்கியது. எண்பதுகளில் நம்மவர்கள் அகதிகளாக இந்தச் சிறுநகரங்களுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே இளமரங்கள் வளரத் தொடங்கிவிட்டன.

பம்புகள் நின்றதும் நீர் மேலே வந்தது. குழிகள் ஏரிகளாயின. அந்த ஏரிகளைப் பார்த்தால் நீங்கள் படம் எடுக்காமல் வரமாட்டீர்கள். சில பச்சை கலந்த நீலம், சில துருப்பிடித்த தகரத்தின் நிறம். கரியோடு சேர்ந்து கிடந்த இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரிகிறது. அமிலம் மிகுந்த ஏரிகளில் மீன் வாழாது. தெளிந்த நீரைப் பார்த்தால் நமக்கு நல்ல நீர் என்றுதான் தோன்றும். இங்கே அந்தத் தெளிவுக்குக் காரணம், அதில் உயிர் அனேகமாக இல்லை என்பதே.

பாதையோரம் மஞ்சள் பலகைகள். 'லிவ்ஸ்ஃபாரா', அதாவது உயிராபத்து. கொட்டிய மணலை யாரும் அழுத்தவில்லை. மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். இடையில் நீர் புகுந்திருக்கிறது. ஓர் அதிர்வு போதும், மேலே பைன் மரம் நிற்கும் கரை கூழாகி ஏரிக்குள் ஓடிவிடும். தாதிகளுக்கு இது தெரிந்த விடயம். ஆழமான புண் அடியிலிருந்து ஆற வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே சீழ் இருக்கும். அதனால்தான் நாங்கள் அந்தப் புண்ணை மூடவிடாமல் துணி திணித்து வைக்கிறோம். சோபுவில் தோல் முந்திவிட்டது.

முப்பது வருடம் தோண்டினார்கள். தோண்டி முடித்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. இன்னும் பல பகுதிகளில் மனிதர் கால் வைக்க முடியாது. அதனாலேயே செம்மான்கள் அங்கே நிம்மதியாகத் திரிகின்றன. இதை 'இயற்கை மீண்டது' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மான்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது நம்முடைய பயம். அந்தக் கரி மலிவாகக் கிடைத்ததும், மணலைத் திரும்ப அடுக்கி இறுக்கும் செலவை அந்த விலையில் யாரும் சேர்க்காததால்தான்.

இதைச் சொல்லும்போது நெய்வேலி மனதில் வராமல் இல்லை. அங்கே 1956இல் அரசு நிறுவனமே தொடங்கித் தோண்டியது, இன்றும் தோண்டுகிறது. நிலம் கொடுத்தவர்களின் கணக்கும் அங்கே முடியவில்லை. சோபு பொட்டல் நிலம், குடியிருந்தவர்கள் மிகக் குறைவு. அந்த வகையில் டேனியர்களுக்கு அது சுலபமாகப் போய்விட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஆகஸ்டில் போங்கள், புதர்ச்செடிகள் ஊதாவாகப் பூத்திருக்கும். முதலில் சோபுவில் உள்ள பழுப்பு நிலக்கரி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நடங்கள். குறியிட்ட பாதையைவிட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். பிள்ளைகளின் கையை ஏரிக்கரையில் விடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.