மெழுகுச் சட்டை போட்ட கிருமி



காசநோய்க் கிருமி அமிலத்தால் கழுவினாலும் நிறம் விடாது என்பது பாடத்தில் ஒரே வரி. பரீட்சையில் இரண்டு மார்க். அதன் கதையைச் சொல்ல வகுப்பில் நேரம் வாய்த்ததில்லை. இப்போது மணியடிக்க ஆளில்லை, கேளுங்கள்.

1882 மார்ச் 24, பெர்லின். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் அறிவித்தார். ஏழு சாவில் ஒன்று இந்த நோயால் என்று கணக்கிட்ட காலம் அது. இந்தக் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற உறை இருப்பதால் சாதாரணச் சாயம் எளிதில் உள்ளே போகாது. காரம் சேர்த்த மெத்திலீன் நீலத்தில் ஸ்லைடுகளை ஒரு நாள் அளவுக்கு ஊறப்போட்டுத்தான் கோக் பார்த்தார்.

கூட்டத்தில் பால் எர்லிக் என்ற 28 வயது டாக்டரும் இருந்தார். சாயமேற்றிய ஸ்லைடுகளை அணைந்த அடுப்பின் மேல் காயவைத்துவிட்டுப் போனாராம். காலையில் விவரம் தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட, சூடுபட்ட ஸ்லைடில் கிருமிகள் பளிச்சென்று தெரிந்தனவாம். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் சூடு மெழுகை இளக்கும், சாயம் உள்ளே போகும் என்பது உண்மை. பிறகு அமிலம் ஊற்றினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும், இது மட்டும் நிறத்தோடு நிற்கும். ஜீல், நீல்சன் இருவரும் பீனாலும் ஃபுக்சினும் கொண்டு இதைச் செம்மைப்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் எர்லிக்கின் சளியிலேயே அந்தக் கிருமி தெரிந்தது! எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்துத் தேறி வந்தார்.

சிவப்புக் கிருமியைத் தேட நூறு மடங்கு லென்ஸும் எண்ணெய்ச் சொட்டும் வேண்டும். ஒரு பார்வையில் தெரிவதோ கையளவு வயல். 1930களின் கடைசியில் ஜெர்மனியில் ஹாகெமான் என்பவர் ஆரமின் என்ற மஞ்சள் சாயத்தைக் கொண்டுவந்தார். அதுவும் அந்த மெழுகு உறையில்தான் ஒட்டிக்கொள்ளும். பீனால் கலந்தால் சூடாக்கவே தேவையில்லை. அமில ஆல்கஹாலில் கழுவி, பெர்மாங்கனேட்டால் பின்னணியை இருட்டாக்கி, நீல ஒளி பாய்ச்சினால், அமாவாசை வானத்து நட்சத்திரம்போல் கிருமிகள் மின்னும். சிறிய லென்ஸே போதும். ஒரே பார்வையில் பெரிய பரப்பு தெரிவதால் வேலை சீக்கிரம் முடியும்.

பாதரச விளக்கின் விலையும் குறைந்த ஆயுளும்தான் பல காலம் தடையாக இருந்தன. எல்இடி வந்ததும் அந்தத் தடை நீங்கியது. 2011இல் உலக சுகாதார நிறுவனமே எல்இடிக்கு மாறச் சொன்னது.

ஒரு குறை உண்டு. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். செத்த கிருமியும் மின்னும், ஏனென்றால் உறை அப்படியே இருக்கிறதே! மாத்திரை சாப்பிடுகிறவரின் ஸ்லைடில் மின்னுவது உயிரோடு இருக்கிறதா என்று அறிய, சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.